மயங்கிக் கிடப்பவள் நடிக்கிறாளா?

கொடும்பாளூர் பக்கம் ஒரு பெண் திடீரென்று சாய்ந்து, கூப்பிட்டாலும் பேசாமல் கிடந்தால் ஊர் என்ன சொல்லும்? "பேய் பிடிச்சிருக்கு" என்னும். இல்லையென்றால் "சும்மா நடிக்கிறா" என்னும். இரண்டும் தவறு. பேய் என்று நம்பிக் கொண்டுபோய் விட்டதால்தான் ஏர்வாடியில் பலரைச் சங்கிலியால் கட்டிவைத்தார்கள். 2001 ஆகஸ்ட் 6-ல் 28 பேர் தீயில் மாண்டார்கள்.

தாங்க முடியாத துக்கம், பயம், கடன் கவலை மனதை அழுத்தும்போது உடம்பு இப்படி அசையாமல் போவது உண்டு. அவள் வேண்டுமென்று செய்வதில்லை.

ஆனால் மனசால் வந்ததுதான் என்று நாமே முடிவு கட்டக்கூடாது. சர்க்கரை குறைவு, வலிப்பு, பக்கவாதம், பாம்புக்கடி, பூச்சிமருந்து எதுவாகவும் இருக்கலாம். உடனே 108-ஐ அழைப்போம். சோதித்துப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அதுவரை நாம் செய்ய வேண்டியவை:

* மூச்சு இருக்கிறதா என்று பார்த்து, ஒருக்களித்துப் படுக்க வைப்போம். கூட்டத்தை விலக்குவோம்.
* வாயில் தண்ணீர், சோடா ஊற்ற வேண்டாம்.
* கிள்ளுவது, அறைவது, மிளகாய்ப் புகை போடுவது கூடவே கூடாது.
* நாம் பேசுவது அவள் காதில் விழலாம். "பயப்படாதே, நாங்க பக்கத்துலதான் இருக்கோம்" என்று மெதுவாகச் சொல்வோம்.

கண் விழித்ததும் "என்னடி ஆச்சு?" என்று துருவ வேண்டாம். பிறகு, புருஷன் மாமியார் இல்லாத நேரத்தில், அவளாகச் சொல்வதைக் கேட்போம். மனக்கவலைக்கு 14416, வீட்டில் அடி உதை என்றால் 181. இரண்டும் இலவசம். இந்த எண்களைக் குழு நோட்டில் எழுதி வையுங்கள்.