கீழே பார்க்காமல் டைப் அடிக்கலாம்

சி ப்ராக்டிகலில் லாஜிக் தெரிந்தும் நேரம் போதாமல் தவிப்பவர்கள் நம்மில் பலர். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடுவதுதான் காரணம். எஃப், ஜே விசைகளில் சின்ன மேடு இருக்கிறதே, அது ஆள்காட்டி விரல்களுக்கான அடையாளம். அங்கே வைத்தால் வலது சுண்டுவிரல் தானாகவே செமிகோலன் மேல் நிற்கும். சி எழுதும் நமக்கு வேறென்ன வேண்டும்!

பயிற்சி போரடித்தால் இலவசமாகக் கிடைக்கும் டக்ஸ் டைப்பிங் விளையாடுங்கள். மேலிருந்து விழும் மீனின் எழுத்தை அடித்தால் பென்குவின் அதைத் தின்னும். ஸ்கோர் ஆசையில் குனிந்து பார்த்தால் பயனில்லை. நான் கீபோர்டு மேல் கைக்குட்டை போட்டுத்தான் ஆடுவேன். முதல் வாரம் வேகம் குறையத்தான் செய்யும், விட்டுவிடாதீர்கள்.

முதுகு நிமிரட்டும், முழங்கை உடம்பை ஒட்டி இருக்கட்டும். மணிக்கட்டை மேஜை விளிம்பில் அழுத்தவே கூடாது. லேப் ஸ்டூலில் கால் எட்டாவிட்டால் தொங்கவிடாமல் குறுக்குக் கம்பியில் ஊன்றிக்கொள்ளுங்கள்.