சாக்குத் திரைக்கு அந்தப் பக்கம்

அஸர் தொழுது முடிந்து சனம் கலைகிற நேரம். கல்முனைக்குடியில் கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கையொன்றில், தகரக் கூரையின் கீழ் தொங்கும் சாக்குத் திரையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே குனிகிறேன். "தம்பி, தல கவனம்! றிம் தொங்குது" என்று உள்ளிருந்து ஒரு குரல். பத்து வயதிலிருந்து இந்தச் சைக்கிள் கடையின் வாசலில் நின்று காற்றடித்திருக்கிறேன். திரைக்கு உள்ளே வர இன்றைக்குத்தான் வாய்த்தது. சந்தோஷம் தாங்கவில்லை!

என்ன இல்லை இங்கே! உத்தரத்தில் வாழைக்குலை மாதிரித் தொங்கும் பழைய டியூப்கள். ஓட்டை பார்ப்பதற்கு, பாதியாக வெட்டிய கானில் தண்ணீர். கறுத்துப்போன மண்ணெண்ணெய்த் தட்டம். இரண்டு சிரட்டைகள்: ஒன்றில் கால் அங்குலப் போல்கள், மற்றதில் அதைவிடச் சின்னவை, அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்தால் அதில் மூன்று பங்கு. பின்சில்லின் ஹப்புக்குப் பக்கத்துக்கு 9 பெரிசு, முன்சில்லுக்குப் பக்கத்துக்கு 10 சின்னது. "எண்ணி எடு, எண்ணிப் போடு" என்பதுதான் இங்கே வேலை பழக வரும் பொடியனுக்கு முதல் பாடம்.

சுவரோரம் நீட்டுப் பலகை ஒன்று கிடக்கிறது. தன் முறை வருமட்டும் ஆட்கள் அதில் குந்தியிருப்பார்கள். இன்றைக்கு மீன்பெட்டி கட்டிய சைக்கிளோடு ஒரு காக்கா, சாய்ந்தமருதிலிருந்து வந்த ஓய்வுபெற்ற கணக்கு சேர், இரண்டு பள்ளிக்கூடப் பொடியன்கள், மருதமுனையில் தறி வைத்திருக்கும் ஒருவர். ஒரு மணித்தியாலத்தில் நான் கண்டுபிடித்த இரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன்: கேள்விகளில் அரைவாசி கடைக்காரரிடம் போய்ச் சேர்வதே இல்லை! பலகையில் கேட்டு, பலகையிலேயே தீர்ந்துவிடுகின்றன. எல்லாரும் 'மாமா' என்று கூப்பிடும் கடைக்காரர் ஸ்பேனரைத் திருப்பியபடி காதைக் கொடுத்திருப்பார். யாராவது பிழையாகச் சொன்னால்தான் தலை நிமிரும்.

"செயின் மாத்தணும் எண்டு செல்றாங்க சேர். இன்னும் கொஞ்ச நாள் ஓடுமா?" பொடியன்களில் ஒருவன்.

"ஒன்ட அடிமட்டத்த எடு மகன்."

புத்தகப் பையிலிருந்து அடிமட்டம் வருகிறது. சேர் அதன் அங்குல ஓரத்தைச் செயினில் வைக்கிறார். சைக்கிள் செயினில் ஓர் ஆணியிலிருந்து அடுத்த ஆணிக்கு அரை அங்குலம். ஜப்பான் சைக்கிளானாலும் இந்தியச் சைக்கிளானாலும் பாணந்துறையில் பூட்டிய லுமாலாவானாலும் அதே அரை அங்குலம்தான். 24 கண்ணி எண்ணினால் ஆணி சரியாக 12ஆம் கோட்டில் நிற்க வேண்டும். ஒன்றரை மில்லிமீற்றர் அளவு தாண்டினால் செயினை மாற்ற வேண்டும். மூன்று மில்லிமீற்றர் தாண்டினால் ஃப்ரீவீலின் பல்லும் தேய்ந்திருக்கும். புதுச் செயின் போட்டாலும் துள்ளும். பொடியனுடைய ஆணி கோட்டிலேயே நின்றது! செயினில் பிழையில்லை, கடல்காற்றின் உப்புத்தான் பிடித்திருக்கிறது. மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டு மெசின் எண்ணெய் விட்டு, வெளியில் வழிவதைத் துடைத்தால் போதும். "தேங்காயெண்ணெ ஊத்திடாதீங்க. காஞ்சு பசையாகும், கடல் மண்ணெல்லாம் வந்து குந்தும்" என்று பலகையின் மறுமுனையிலிருந்து இலவச இணைப்பு.

மீன்காரக் காக்காவின் முறைப்பாடு இன்னும் பெரிது. "மாசத்துக்கு ஒரு கம்பி ஒடியிது. பாரம் கூட எண்டு நெனைக்கன்."

பழைய பெரிய சைக்கிளின் முன்சில்லில் 32 கம்பி, பின்சில்லில் 40. பாரத்துக்காகத்தான் பின்னுக்கு எட்டுக் கூட. தறிக்காரர் எழும்பிப் போய்ப் பின்சில்லைச் சுற்றியபடி கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டுகிறார். டிங், டிங், டிங்... டொப்! "கேட்டீங்களா காக்கா? இது தூங்குது." ஒரு கம்பி தொய்ந்தால், சில்லு சுற்றும்போதெல்லாம் அதன் பங்கையும் பக்கத்துக் கம்பிகள் இழுக்கும். நாளடைவில் ஹப்பில் கொழுவுகிற வளைவில் இரும்பு களைத்து ஒடிந்துபோகும். இறுக்கம் சமமாக இருந்தால் இதே சில்லு இதே மீன்பெட்டியைத் தாங்கும். கொடியேற்றக் காலத்தில் கடற்கரைப் பள்ளியடியில் பக்கீர் பாவாமார் றபானை அனலில் காட்டித் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள் அல்லவா, அப்படி ஒரு காது! தறிக்காரருக்கு இந்தக் காது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "நூல் தொஞ்சா தறி செல்லும் தம்பி. கம்பியும் நூல்தானே" என்றார். நான் கைதட்டியே விட்டேன்.

பஞ்சர் ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பஞ்சரை *வாசிப்பதை*ப் பார்த்திருக்கிறீர்களா? மாமா டியூபைத் தண்ணீரில் அமுக்குகிறார், குமிழி வருகிறது. டயரைப் பார்த்த பக்கத்தில் ஒற்றை ஓட்டை என்றால் முள்ளோ கண்ணாடியோ டயரில் இன்னும் ஏறியிருக்கும். விரலால் தடவித் தேடி எடுக்காமல் ஒட்டினால் நாளைக்கும் வரவேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை என்றால் காற்றுக் குறைந்த சில்லைக் கல்லில் ஏற்றியிருக்கிறீர்கள். றிம்மைப் பார்த்த பக்கத்தில் ஓட்டை என்றால் கம்பி முனை குத்துகிறது, றிம் நாடாவை மாற்றுங்கள். வீட்டில் ஒட்டுகிறவர்கள் எல்லாரும் விடும் பிழை, சொலூஷனை ஈரத்தோடு ஒட்டுவது. "காயட்டும். வெரல் வெச்சா ஒட்டக் கூடா" என்று மாமா சொல்வதை இந்தப் பலகையில் எல்லாரும் கூடவே சொல்கிறார்கள்!

இனி என் கதை. ராத்தாவின் லேடீஸ் சைக்கிளுக்கு டயர் வாங்கப் போனேன். 26 என்று கேட்டேன், 26 என்று அச்சிட்ட டயரையே தந்தார்கள். வீட்டில் வந்து எவ்வளவு இழுத்தும் றிம்மில் ஏறவில்லை. இன்றைக்கு அதையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். பலகையில் இருந்த இரண்டாவது பொடியன் ஒரு பார்வை பார்த்தான். "காக்கா, ஒங்கட றிம் பின்னம் போட்டது. டயர் புள்ளி போட்டது."

எனக்கு விளங்கவில்லை. அவன் டயரின் பக்கச் சுவரைத் துடைத்துக் காட்டினான். லேடீஸ் சைக்கிளுக்கு 26 × 1⅜. மவுண்டன் சைக்கிளுக்கு 26 × 1.95. இரண்டும் 26தான், ஆனால் டயர் குந்துகிற இடத்தில் றிம்மின் விட்டம் முதலாவதுக்கு 590 மில்லிமீற்றர், இரண்டாவதுக்கு 559. முப்பத்தொரு மில்லிமீற்றர் வித்தியாசம்! இன்னும் அதிசயம், கணக்கில் 1.75உம் 1¾உம் ஒன்று. டயரில் 26 × 1.75 என்றால் 559, 26 × 1¾ என்றால் 571. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ஐஎஸ்ஓ 5775 என்ற சர்வதேச நியமம் இருக்கிறது. அதன்படி டயரில் 37-590, 50-559 என்று சின்ன எழுத்தில் குத்தியிருப்பார்கள். முதல் எண் டயரின் அகலம், அடுத்தது றிம். வாப்பாமார் ஓட்டிய 28 × 1½ பெரிய சைக்கிளுக்கு அது 635. இத்தனை வருடம் கண்ணுக்கு முன்னால் இருந்த அந்த மூன்று இலக்கத்தை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை காட்டித் தந்தான். அவனுக்கு யார் சொன்னது? "போன வருசம் இந்தப் பலகையிலதான், ஒரு அப்பா செல்லித் தந்தாரு."

இந்தப் பலகை நிரம்பி வழிந்த காலம், எரிபொருள் தட்டுப்பட்ட 2022. அந்த வருடம் ஜூன் 26இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாக ஏறியது. மறுநாளே, இனி அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்தார்கள். ஜூலையில் எரிபொருளைப் பங்கிட கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். வீட்டுக் கோடியில் துருவேறிக் கிடந்த சைக்கிள்களெல்லாம் வெளியே வந்தன. இருபது வருடமாக மிதிக்காதவர்கள் மிதித்தார்கள். அவர்களிடம் இருந்ததெல்லாம் கேள்விகள்! சீற்றின் உயரம் என்ன? (குதிக்காலைப் பெடலில் வைத்தால், அது அடியில் நிற்கும்போது கால் நேராக நீள வேண்டும்.) இடப்பக்கப் பெடல் ஏன் கழலவில்லை? அதன் புரி எதிர்ப்பக்கம் ஓடுகிறது. ஸ்பேனரை மேல்நோக்கி வைத்துப் பின்சில்லின் பக்கம் இழுத்தால் இரண்டு பெடலும் கழலும், முன்னுக்குத் தள்ளினால் இரண்டும் இறுகும். ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340க்குத் தாவியபோது, கழுவிய எண்ணெயை இரவில் தெளியவிட்டு மேலால் வடித்துத் திரும்பப் பாவிக்கும் யோசனையைச் சொன்னவர் ஒரு கடற்றொழிலாளி. அந்தப் பழக்கம் இன்றும் இங்கே இருக்கிறது.

அபாயாவும் நீள யூனிபோமும் பின்சில்லில் சிக்குவதைப் பற்றிப் பிள்ளைகளின் உம்மாமார் கேட்கிறார்கள். மட்கார்டின் இரு பக்கமும் ஹப் வரைக்கும் நூல்வலை கட்டி, செயினுக்கு முழு மூடி போட வேண்டும். வலையை எப்படிப் பின்னுவது என்று இந்தக் கடையில் யாருக்கும் சரியாகத் தெரியாது. வீடுகளில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியபோதும், பழகிய பெண் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பழக்கித்தான் அது மாவட்டம் முழுக்கப் பரவியது.

2004 டிசம்பர் 26 சுனாமி பற்றி இந்தக் கரையில் நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். ஆனால் அந்த அழிவுக்குப் பிறகு நடந்த ஒன்றை நம்மில் பலர் அறியமாட்டார்கள். 2005இல் அமெரிக்கச் சைக்கிள் பாகத் தொழிலில் இருந்தவர்கள் வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப் என்ற அமைப்பைத் தொடங்கி, இலங்கையில் கடலால் பாதிக்கப்பட்டவர்களுக்கு 24,000க்கும் மேற்பட்ட சைக்கிள்களைக் கொடுத்தார்கள். இன்று ஆபிரிக்க நாடுகளில் இலட்சக்கணக்கான சைக்கிள்களைக் கொடுத்துவரும் அந்த அமைப்பு பிறந்தது நம்முடைய துயரத்திலிருந்து. அங்கே சைக்கிளோடு சேர்த்து ஊருக்கு ஊர் திருத்துநர்களையும் பழக்குகிறார்கள். சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் போனால் முதல் பஞ்சரோடு அது வேலியில் சாய்ந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மஃரிபுக்குப் பாங்கு சொல்கிறார்கள். மாமா கையை மணலால் தேய்த்துக் கழுவுகிறார். காக்காவின் சில்லு இப்போது நாற்பது கம்பியும் டிங்! என் பிழையான டயரை, மவுண்டன் சைக்கிள் வைத்திருக்கும் யாருக்காவது ஆகும் என்று பலகைக்கு மேலே கொழுவிவிட்டு வந்தேன்.

வாசிக்கிற நீங்கள் இன்று இரவே உங்கள் சைக்கிளின் டயரைத் துடைத்து, பக்கச் சுவரிலுள்ள மூன்று இலக்கத்தைப் பார்த்து எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டுச் சைக்கிளின் இலக்கத்தையும் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.