தோட்டா முடித்துவைக்கும் வழக்குகள்

2019 டிசம்பர் 6. ஹைதராபாத்தை அடுத்த ஷாத்நகர் அருகே சட்டான்பள்ளி. கால்நடை மருத்துவர் ஒருவரைப் பாலியல் வன்கொடுமை செய்து எரித்துக் கொன்ற வழக்கில் கைதான நான்கு பேரைப் பொழுது விடியும் முன்பே அங்கே அழைத்துச் சென்றது போலீஸ். நால்வரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செய்தி பரவியதும் மக்கள் திரண்டுவந்து போலீஸார் மீது பூ தூவினார்கள், இனிப்பு வழங்கினார்கள். நாடு முழுக்க வாழ்த்து குவிந்தது.

அந்த மக்களின் கோபத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கொடூரத்துக்கு விரைவு நீதிமன்றம் ஒரு வருடத்துக்குள் தீர்ப்பு சொல்லிவிட்டது. தண்டனை நிறைவேறியதோ 2020 மார்ச்சில். ஆறு ஆண்டுகளுக்கு மேல் மேல்முறையீடு, மறுஆய்வு, கருணை மனு என்று இழுபட்டதைப் பார்த்து நொந்த மனங்கள்தான் ஹைதராபாத்தில் பூ தூவின. ஆனால், நியாயமான அந்தக் கோபத்துக்கு என்ன கிடைத்தது என்று பின்னால் திரும்பிப் பார்த்தவர்கள் குறைவு.

ஆணையம் கண்டறிந்தது

துப்பாக்கிகளைப் பறித்துக்கொண்டு, கண்ணில் மண்ணை வீசிவிட்டுச் சுட்டார்கள், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டோம் என்றது போலீஸ். உச்ச நீதிமன்றம் தன் முன்னாள் நீதிபதி வி.எஸ்.சிர்புர்கர் தலைமையில் மூவர் ஆணையத்தை அமைத்தது. சி.பி.ஐ-யின் முன்னாள் இயக்குநர் டி.ஆர்.கார்த்திகேயனும் அதில் ஓர் உறுப்பினர். 2022-ல் வெளியான அறிக்கை, போலீஸ் சொன்ன கதையை நம்ப முடியாது என்றது. கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுடப்பட்டிருக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்து, 10 போலீஸார் மீது கொலை வழக்கு விசாரணை நடத்தப் பரிந்துரைத்தது. இறந்த நால்வரில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. அறிக்கை தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது.

இதில் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. அந்த மருத்துவரைக் கொன்றது யார் என்று இந்த நாட்டின் எந்த நீதிமன்றமும் இதுவரை தீர்ப்புச் சொல்லவில்லை. இனி சொல்லவும் வழியில்லை. அந்த நால்வர்தான் செய்தார்கள் என்றால், அதை மெய்ப்பிக்கும் சாட்சியங்கள் சோதிக்கப்படாமலே போயின. அவர்களில் ஒருவர் செய்யவில்லை என்றாலும், அது தெரிய வாய்ப்பில்லை. மகளைப் பறிகொடுத்த குடும்பத்துக்கும் ஒரு தீர்ப்பு கிடைக்காமல் போனது. என்கவுன்ட்டரில் குற்றவாளி மட்டும் சாவதில்லை, வழக்கும் சேர்ந்து சாகிறது.

சென்னையிலும் சேஷாசலத்திலும்

2024 ஜூலை 5 அன்று பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் சென்னை பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். சரணடைந்தவர்கள் உண்மையான கொலையாளிகள்தானா, ஏவியவர்கள் யார் என்று திருமாவளவனும் மாயாவதியும் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. ஒன்பதாம் நாள், போலீஸ் காவலில் இருந்த முக்கியக் கைதி ஒருவர் மாதவரம் பக்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். பதுக்கிய ஆயுதத்தை எடுக்க அழைத்துப்போன இடத்தில் தங்களைச் சுட்டார் என்பது போலீஸ் தரப்பு. அது உண்மையாகவே இருக்கட்டும். அந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்கக்கூடிய வாய்களில் ஒன்று அன்று மூடிப்போனது. ரவுடிதானே என்று கடந்துபோகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்: ஏவியவர் என்று ஒருவர் இருந்தால், அம்பு முறிந்துபோவதில் அவருக்கு என்ன நஷ்டம்?

இன்னொரு நாளையும் தமிழர்கள் மறக்க முடியாது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி 20 பேரைச் சுட்டுக் கொன்றது அம்மாநில அதிரடிப்படை. திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலைக் கிராமங்களிலிருந்து கூலிக்குப் போனவர்கள் அவர்களில் பலர். காட்டில் மோதல் நடந்தது என்றது ஆந்திர போலீஸ். பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோதே சிலரை இறக்கிப் பிடித்துப்போனார்கள் என்றார்கள் உயிர்தப்பியவர்கள். செம்மரக் கடத்தலில் கோடிகளைக் குவிக்கும் முதலாளிகள் யாரும் அந்தப் பட்டியலில் இல்லை. தோட்டா எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் ஏழையைத்தான் முதலில் கண்டுபிடிக்கிறது.

போலீஸ் உயிருக்கு மதிப்பில்லையா?

இந்தக் கேள்வி நேர்மையானது. 2020 ஜனவரி 8 இரவு, களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 நவம்பரில் ஆடு திருடர்களை விரட்டிச் சென்ற சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் வெட்டிக் கொல்லப்பட்டார். அரிவாளை ஓங்கி வருபவன் முன்னால் கைகட்டி நிற்கும்படி எந்தச் சட்டமும் போலீஸுக்குச் சொல்லவில்லை. தற்காப்பு உரிமை எல்லோருக்கும் போல அவர்களுக்கும் உண்டு.

ஆனால், வில்சனைச் சுட்டவர்கள் என்று தேடப்பட்டவர்கள் என்ன ஆனார்கள்? ஒரு வாரத்துக்குள் கர்நாடகத்தின் உடுப்பியில் உயிரோடு பிடிபட்டார்கள். வழக்கு என்.ஐ.ஏ-வுக்குப் போனது. அவர்களுக்குப் பின்னால் இருந்ததாகச் சொல்லப்பட்டவர்கள் மீதும் குற்றப்பத்திரிகை தாக்கலானது. தங்கள் சக ஊழியரைக் கொன்றவர்கள் என்று நம்பியவர்களையே உயிரோடு பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்திய போலீஸ் இது. அந்தத் திறமையைத்தான் நாம் கொண்டாட வேண்டும்.

திரையரங்குகளில் நாம் பழகியது வேறு. காக்கி அணிந்த நாயகன் விசாரணையின்றிச் சுட்டுத் தள்ளும்போதெல்லாம் விசில் பறந்திருக்கிறது. தமிழ் சினிமாவே இதற்கு மறுப்பும் சொல்லியிருக்கிறது. வெற்றிமாறனின் ‘விசாரணை’ அப்பாவிகள் எப்படி என்கவுன்ட்டருக்குள் இழுக்கப்படுகிறார்கள் என்று காட்டியது. த.செ.ஞானவேலின் ‘வேட்டையன்’ படத்தில், தவறான ஆளைச் சுட்டுவிட்டதை உணரும் போலீஸ் அதிகாரியாக ரஜினிகாந்தே வந்தார்.

விதி இருக்கிறது

2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிர அரசுக்கு எதிராக மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யு.சி.எல்.) தொடுத்த வழக்கில் 16 நெறிமுறைகளை வகுத்தது. என்கவுன்ட்டர் மரணம் நிகழ்ந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவாக வேண்டும். சி.ஐ.டி. அல்லது வேறு காவல் நிலையத்தின் குழு விசாரிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். பிரேதப் பரிசோதனையை இரண்டு மருத்துவர்கள் செய்ய, அது வீடியோவில் பதிவாக வேண்டும். சுட்ட கையோடு பதவி உயர்வோ வீர விருதோ தரக் கூடாது. இவை பின்பற்றப்படவில்லை என்று கருதினால் இறந்தவரின் குடும்பம் செஷன்ஸ் நீதிபதியிடம் முறையிடலாம்.

காகிதத்தில் இருக்கும் இந்த உரிமையை ஏழைக் குடும்பம் எப்படிப் பயன்படுத்தும்? மும்பையில் 2006-ல் நடந்த போலி என்கவுன்ட்டர் ஒன்றில், ‘என்கவுன்ட்டர் ஸ்பெஷலிஸ்ட்’ என்று புகழப்பட்ட அதிகாரிக்கு மும்பை உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது 2024-ல். இடைப்பட்ட ஆண்டுகள் முழுக்கப் போராடியவர் இறந்தவரின் சகோதரர். அவர் ஒரு வழக்கறிஞர். ஜவ்வாது மலையிலிருந்து சேஷாசலத்துக்குக் கூலிக்குப் போனவரின் மனைவிக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் அரசே இந்த விசாரணைகளைத் தன் கடமையாக நடத்த வேண்டும். ஒவ்வொரு என்கவுன்ட்டரிலும் மாஜிஸ்திரேட் அறிக்கையைப் பொதுவில் வைக்கத் தமிழக அரசு முன்வர வேண்டும். கூடவே, நீதிமன்றக் காலியிடங்களை நிரப்பி, தடயவியல் ஆய்வகங்களை வலுப்படுத்தி, வழக்குகளை வேகப்படுத்த வேண்டும். விரைவான நீதி கிடைக்கும் ஊரில் தோட்டாவுக்குக் கைதட்ட ஆள் குறைவார்கள்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த என்கவுன்ட்டர் செய்தி வரும்போது மூன்று கேள்விகள் கேட்போம்: எஃப்.ஐ.ஆர். யார் மீது பதிவானது? விசாரிப்பது சுட்டவர்களின் நிலையமா, வெளியாட்களா? மாஜிஸ்திரேட் அறிக்கை எப்போது வெளிவரும்? நேர்மையாகச் சுட்ட காவலர் இந்தக் கேள்விகளுக்கு அஞ்ச வேண்டியதில்லை. பதில்கள் அவரைத்தான் காப்பாற்றும்.