எழுத்து எழுத்தாகவே போய்ச் சேரட்டும்

“பாடத்தை டைப் செய்து, பி.டி.எஃப். ஆக்கி, வாட்ஸ்அப் குழுவில் போட்டாயிற்று. இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?” ஆன்லைனில் வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் பலருக்கும் இருக்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

அந்தக் குழுவில் பார்வையற்ற மாணவி ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் ஆண்ட்ராய்டு ஃபோனில் டாக்பேக் இருக்கும். கணினி என்றால் அநேகமாக என்.வி.டி.ஏ. இருக்கும். திரையில் உள்ளதைக் குரலாக்கிச் சொல்லும் மென்பொருள்கள் இவை, திரைவாசிப்பான் என்கிறோம். என்.வி.டி.ஏ.வை 2006இல் ஆஸ்திரேலியாவில் உருவாக்கத் தொடங்கியவர் மைக்கேல் கரன். பிறகு ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்தார். இருவருமே பார்வையற்றவர்கள். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, தமிழையும் வாசிக்கும். ஆக, கருவி அவளிடம் இருக்கிறது. நாம் அனுப்பும் கோப்பு அதற்கு ஒத்துழைக்கிறதா என்பதுதான் கேள்வி.

திரைவாசிப்பானுக்கு வேண்டியது எழுத்து. எழுத்தின் படம் அல்ல. நோட்டில் அழகாக எழுதி ஃபோட்டோ எடுத்து அனுப்பினால், “படம்” என்று மட்டும் சொல்லிவிட்டு அது பெரும்பாலும் நின்றுவிடும். புத்தகத்தை ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்கினாலும் கதை இதுதான். இதைப் பெரும்பாலோர் எளிதில் புரிந்துகொள்கிறார்கள். அடுத்து வருவது தமிழுக்கே உரிய சிக்கல். இதில்தான் நல்ல மனதோடு உழைக்கும் ஆசிரியர்களும் தங்களை அறியாமல் மாணவர்களை வெளியே விட்டுவிடுகிறார்கள்.

நம் டி.டி.பி. சென்டர்கள் பலவற்றில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தெரியும்போது, கோப்புக்குள் உண்மையில் பதிவாகியிருப்பது ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். அவற்றுக்கு மேல் தமிழ் வடிவங்களை வரைந்து காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. கண்ணுக்கு அது தமிழ். திரைவாசிப்பான் வடிவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே பதிவான குறியைப் படிக்கிறது. எனவே அந்த மாணவிக்குத் திருக்குறள் பாடம் முழுவதும் பொருளற்ற ஆங்கில ஓசையாகக் கேட்கும். அவள் கேட்கிற அந்தக் குழப்பத்தை நாம் ஒருமுறை காதால் கேட்டால் போதும், அந்தக் கோப்பை மறுபடி யாருக்கும் அனுப்ப மனம் வராது.

இதற்குத் தீர்வு யூனிகோடு. தமிழ் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உலகம் முழுவதும் ஒரே குறியெண்கள். 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. தமிழ்நாடு அரசும் 2010இல் யூனிகோடை ஏற்று அரசாணை வெளியிட்டது. பழைய பாமினிக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித்தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஐம்பது பக்கப் பாடமென்றாலும் மாற்றிய பிறகு ஒருமுறை பிழை பார்த்தால் முடிந்தது.

யூனிகோடில் டைப் செய்தாலும் பி.டி.எஃப். சில சமயம் காலை வாரும். ‘கெ’ என்பதில் கொம்பு முன்னால் தெரிகிறது. ஆனால் யூனிகோடு சேமிக்கும் வரிசையில் ககரம் முதலில், கொம்பு பிறகு. பி.டி.எஃப். பக்கத்தின் தோற்றத்தை அப்படியே காட்டுவதற்காகப் பிறந்த வடிவம் என்பதால், கண்ணுக்குத் தெரியும் வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு சொற்களைக் கலைத்துவிடுவதுண்டு. அதனால் பி.டி.எஃப். அனுப்பும்போது மூல வேர்ட் கோப்பையும் சேர்த்தே அனுப்புங்கள். தலைப்புகளைத் தடித்த எழுத்தாக மட்டும் விடாமல் ‘ஹெடிங்’ என்றே குறியுங்கள். அப்போது அவள் பாடம் முழுவதையும் முதலிலிருந்து கேட்காமல் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ முடியும்.

எழுத்து எழுத்தாக இருந்தால் பயன் அவளோடு நிற்பதில்லை. பார்வை மங்கிய மாணவன் அதைப் பெரிதாக்கிக்கொள்வான். வாசிப்பதில் திணறும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை, காதால் கேட்டபடியே கண்ணால் தொடரும். பிரெய்ல் காட்டும் கருவியிலும் அது ஏறும். தேர்வுக்கு முந்தின இரவு ஒரு சொல்லைத் தேடும் மாணவனுக்கும் உதவும்.

இனி வகுப்பு. கரும்பலகைக்கு முன்னால் நின்ற பழக்கத்தில் நாம், “இதை இங்கே கொண்டுவந்து அதோடு கூட்டினால் இது வரும்” என்று சொல்லிவிடுகிறோம். பார்க்க முடியாதவருக்கு அந்த வாக்கியத்தில் ஒன்றுமே இல்லை. “சமன்பாட்டின் இடப்பக்கம் உள்ள மூன்றை வலப்பக்கம் கொண்டுபோகிறேன், அது கழித்தல் மூன்றாகிறது” என்று சொன்னால் எல்லாம் இருக்கிறது. இதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம். சிக்னல் போய்ப் படம் உறைந்து, குரல் மட்டும் வந்துகொண்டிருக்கும் கிராமத்து மாணவனுக்கும் இதுவே கைகொடுக்கும்.

அவனுக்கு இன்னொன்றும் செய்யலாம். நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் வரும் வீடியோ, ஒரு மணி நேரத்தில் 450 எம்.பி. டேட்டாவைத் தின்னும். அதே பேச்சு 32 கிலோபிட் ஒலிப்பதிவாக இருந்தால் 14.4 எம்.பி. போதும். வீட்டில் ஒரே ஃபோனை மூன்று பிள்ளைகள் பகிரும் இடத்தில், ஒலிப்பதிவும் எழுத்துக் குறிப்பும் தனியாகக் கிடைப்பது அவன் பாடத்தைத் தொடர்வதற்கும் விட்டுவிடுவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு.

காது கேளாத மாணவருக்கு வசன வரிகள் வேண்டும். தானாக உருவாகும் வரிகளைத் திருத்தாமல் விடாதீர்கள். பாடத்தின் கலைச்சொற்களில்தான் அவை அதிகம் தடுமாறும். ஆனால் பிறவியிலேயே கேளாத பல பிள்ளைகளுக்கு முதல் மொழி சைகை மொழி. எழுத்துத் தமிழ் இரண்டாவதாகக் கற்றது. அவர்களுக்கு வசன வரி மட்டும் போதாது. சைகை மொழிபெயர்ப்பாளர் கிடைத்தால், அவர் உருவம் தபால்தலை அளவுக்குச் சுருங்காமல், எல்லோருக்கும் பெரிதாகத் தெரியும்படி திரையில் நிலைநிறுத்தி வையுங்கள். உங்கள் முகத்திலும் வெளிச்சம் படட்டும், உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவர்கள் இருப்பார்கள்.

இதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகம் ஆயிரக்கணக்கான வகுப்புகளை உலகுக்கே இலவசமாக வழங்கியது. பலவற்றில் சரியான வசன வரிகள் இல்லை. காது கேளாதோர் சங்கம் முறையிட, அரசின் நீதித்துறை 2016இல் அதைக் குறையென்று சுட்டியது. திருத்தும் செலவுக்குத் தயங்கிய பல்கலைக்கழகம், 2017இல் 20,000க்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்தே எடுத்துவிட்டது. சிலர் முறையிட்டவர்களைப் பழித்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதிவு செய்த நாளிலேயே ஒவ்வொன்றிலும் வசன வரிகளைச் சேர்த்திருந்தால் சிறிய வேலையாக இருந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்ததால்தான் மலையாகிவிட்டது.

தேர்விலும் இந்தக் கவனம் வேண்டும். விடையை விரலால் இழுத்துப் பொருத்தச் சொல்லும் வினாக்கள் அழகாக இருக்கும். கை நடுங்குபவரால் முடியாது. இணைய அணுகல் விதிகளின் 2023ஆம் ஆண்டுப் பதிப்பு, இழுக்காமலே செய்ய மாற்று வழி வேண்டும் என்கிறது. முகத்தைக் கேமராவில் காட்டு, கண் சிமிட்டு என்று கேட்கும் முறைகளையும் யோசித்துத்தான் வைக்க வேண்டும். வங்கிக் கணக்குக்கான முகச் சரிபார்ப்பில் கண் சிமிட்ட இயலாமல் தவித்த, அமிலத் தாக்குதலுக்கு ஆளானவர்களின் வழக்கு நம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. டிஜிட்டல் அணுகல், அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது.

எங்கிருந்து தொடங்குவது? உங்கள் ஃபோனில் டாக்பேக்கை இயக்குங்கள். ஒருமுறை தொட்டால் எதைத் தொட்டீர்கள் என்று சொல்லும், இருமுறை தட்டினால் திறக்கும். கண்ணை மூடிக்கொண்டு, நீங்கள் அனுப்பிய பாடத்தைத் திறந்து ஐந்து நிமிடம் கேளுங்கள். எங்கே தடுக்கிறதோ அங்கே திருத்துங்கள். புது வகுப்பு தொடங்கும் முதல் வாரத்திலேயே எல்லா மாணவர்களுக்கும் ஒரு கேள்வி அனுப்புங்கள். என்ன குறைபாடு என்று கேட்க வேண்டாம். பலர் சொல்லத் தயங்குவார்கள். “பாடம் எந்த வடிவில் வந்தால் உங்களுக்கு எளிது?” என்று கேளுங்கள்.