விரல் நுனித் தோல் உரிவது ஏன்?

அக்கரப்பத்தனை, டயகம, தலவாக்கலைப் பகுதித் தோட்டங்களில் ஜனவரி பிறந்துவிட்டால் விரல் நுனிகள் உரியத் தொடங்குகின்றன. இரவில் கடுங்குளிரும் பகலில் ஈரப்பதமற்ற காற்றும் வீசும் இக்காலம் மார்ச் வரை நீடிக்கின்றது. நுவரெலியாவில் தேயிலைச் செடிகள் உறைபனியில் கருகுவதும் இம்மாதங்களிலேதான். செடி கருகினால் அது செய்தியாகின்றது. அச்செடியில் கொழுந்து பறிக்கும் கையின் தோல் வெடித்து உரிவதை, அதற்குரியவர்கள்கூட ஒரு நோயாகக் கருதுவதில்லை. "பனிக்கு இப்படித்தான்" என்று கூறி அடுத்த நாளும் மலைக்கு ஏறுகின்றனர். பனி ஒரு காரணமே. ஆனால் அது ஒன்றே காரணமன்று.

தோலின் அமைப்பைச் சற்று விளங்கிக்கொண்டால் மற்றவை எளிதாக விளங்கும். நமது தோலின் மிக மேற்படை இறந்த கலங்களால் ஆனது. அக்கலங்களை ஒரு சுவரின் செங்கற்களாகக் கொண்டால், அவற்றை இணைத்து நிற்கும் கொழுப்புப் பொருட்களைச் சாந்து எனலாம். பழைய கலங்கள் கண்ணுக்குத் தெரியாமல் உதிர்வதும், கீழிருந்து புதியவை மேலெழுவதும் ஏறத்தாழ ஒரு மாதச் சுற்றில் நிகழ்கின்றன. அச்சாந்து கரைந்துபோனால், தனித்தனியே உதிர வேண்டிய கலங்கள் தகடு தகடாகப் பெயர்கின்றன. இதுவே நாம் காணும் தோலுரிவு. உள்ளங்கையிலும் விரல் நுனியிலும் தோல் தடிப்பாக இருப்பினும் அவ்விடங்களில் எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லை. முகம் தனக்கு வேண்டிய எண்ணெயைத் தானே சுரந்துகொள்கின்றது. உள்ளங்கைக்கு அந்த வசதி இல்லை. ஆதலால் இழந்த எண்ணெயை வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும்.

வரண்ட காலத்தில் காற்று தோலின் ஈரத்தை உறிஞ்சுகின்றது. மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்கிய பின்னரோ நிலைமை தலைகீழாகின்றது. நனைந்த கொழுந்து, நனைந்த படங்கு, நனைந்த கூடை என நாள் முழுவதும் கை நீரிலேயே ஊறுகின்றது. நீரில் நெடுநேரம் ஊறிய தோல் வெளுத்துச் சுருங்கிப் பின் உலரும்போது, தன்னிடமிருந்த ஈரத்தையும் சேர்த்து இழக்கின்றது. நீர் தோலை உலர்த்துகின்றது என்பது முரணாகத் தோன்றினும் உண்மை அதுவே. ஒரே பெண்ணின் விரல் பெப்ரவரியில் ஒரு காரணத்தாலும் ஜூலையில் வேறொரு காரணத்தாலும் உரிவதை நாம் இவ்வாறு விளங்கிக்கொள்ளலாம். விடியற்காலையில் குளிர்நீரில் நின்று கரட்டும் லீக்ஸும் கழுவும் மரக்கறித் தோட்டத் தொழிலாளருக்கு இவ்விரு துன்பங்களும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

இவற்றுடன் தேயிலைச் சாறும் சேர்கின்றது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் ஒவ்வொரு முறையும் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் துளிச்சாறு படிகின்றது. அதிலுள்ள பொலிபீனோல்கள் காற்றுப் பட்டதும் கறுக்கின்றன. தொழிற்சாலையில் பச்சைக் கொழுந்தைக் கறுப்புத் தேயிலையாக்கும் அதே மாற்றம் விரலிலும் நடைபெறுகின்றது என்று கூறலாம். துவர்ப்புத் தன்மையுள்ள அச்சாறு தோலை இறுக்கி உலர்த்த, இறுகிய தோல் மடிப்புகளில் வெடிக்கின்றது. கறையோடு திருமணத்துக்கும் கோயிலுக்கும் செல்லக் கூச்சப்படும் பெண்கள் எலுமிச்சம்பழத்தாலும் சலவைத்தூளாலும் அதனைத் தேய்த்துப் போக்க முனைவதுண்டு. கறையைவிடத் தீங்கானது அத்தேய்ப்பே. சிறிது தேங்காயெண்ணெயைத் தடவிப் பத்து நிமிடம் விட்டு, மென்மையான சவர்க்காரத்தால் கழுவினால் கறை ஓரளவு மங்கும். எஞ்சியதை அப்படியே விட்டுவிடுவதில் இழுக்கு எதுவுமில்லை.

வீட்டுக்குள்ளே உள்ள காரணங்களும் குறைந்தவையல்ல. ஆரோக்கியமான தோல் சற்று அமிலத்தன்மை உடையது. சலவைச் சவர்க்காரம் காரத்தன்மை உடையது. அதனைக் கொண்டு துணி துவைத்து, பாத்திரம் கழுவி, பின்னர் அதே கட்டியால் கையையும் கழுவும்போது முன்னர் கூறிய சாந்து கரைந்துபோகின்றது. 2020 ஆம் ஆண்டின் கொவிட் தொற்றுக் காலத்தில் நாளுக்குப் பலமுறை கை கழுவிய பலர் இதனை நேரில் உணர்ந்திருப்பர். வெள்ளைப்பூண்டும் இங்கு குறிப்பிடத்தக்கது. வலக்கையில் கத்தி பிடிப்பவருக்கு இடக்கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் நுனிகள் மட்டும் உரிந்து வெடிக்குமாயின், அக்கை பிடித்திருந்த பூண்டின் மீதே வைத்தியர் முதலில் ஐயம் கொள்வார். கட்டட வேலை செய்வோருக்குச் சீமெந்தில் உள்ள குரோமேட் இவ்வாறே ஒவ்வாமையை உண்டாக்குகின்றது.

ஐவேளைத் தொழுகைக்காக வுழூச் செய்யும் வாசகர்கள், இத்தனை முறை கை நனைவதே காரணமோ என்று எண்ணக்கூடும். வுழூவுக்குச் சவர்க்காரம் வேண்டியதில்லை. ஆதலால் அந்நீர் மட்டும் பெரிய தீங்கு செய்வதில்லை. மலைநாட்டுக் குளிரில் கையைத் துடைக்காமல் காற்றில் உலர விடுவதே வெடிப்பைக் கூட்டுகின்றது. விரலிடுக்குகள் உட்படத் துணியால் ஒற்றியெடுத்து, உடனே சிறிது எண்ணெயோ களிம்போ தடவிக்கொள்வது நன்று. வுழூவுக்குப் பின்னர் பூசுவதால், நீர் தோலைச் சேர்ந்ததா என்ற ஐயத்துக்கும் இடமிராது. பெருநாள் காலத்தில் வேறோர் எச்சரிக்கையும் தேவைப்படுகின்றது. அரைத்த மருதோன்றி இலை சில மணி நேரம் கழித்துச் செம்பழுப்பு நிறத்தையே தரும். சிறிது நேரத்திலேயே கன்னங்கரேலெனப் பிடிக்கும் "கறுப்பு மருதோன்றி"யில் தலைமயிர்ச் சாயத்துக்குரிய பரா-பினைலீன்டயமின் கலந்திருக்கக்கூடும். அது கொப்புளத்தை எழுப்பித் தோலை உரிப்பதோடு, ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டவரை வாழ்நாள் முழுவதும் தலைச்சாயம் பாவிக்க முடியாதவராக்கிவிடவும் கூடும்.

இனி வீட்டு வைத்தியத்துக்கு வருவோம். இளஞ்சூடான நீரில், கொதிநீரிலன்று, ஐந்து முதல் பத்து நிமிடம் கைகளை வைத்திருந்து, ஒற்றித் துடைத்து, ஈரம் முற்றாக உலருமுன் வசிலின் போன்ற பெற்றோலியம் ஜெலியைத் தாராளமாகப் பூச வேண்டும். இரவில் படுக்கப்போகும்போது இவ்வாறு செய்து, பருத்திக் கையுறையோ துவைத்த பழைய பருத்திக் காலுறையோ அணிந்து உறங்கினால் ஒரு வாரத்திலேயே வேறுபாடு தெரியும். தேங்காயெண்ணெயைக் குறைவாக மதிக்க வேண்டியதில்லை. பிலிப்பைன்ஸில் நடத்தப்பட்டு 2004 இல் வெளியான ஓர் ஆய்வில், வரண்ட தோலுக்குத் தூய தேங்காயெண்ணெய் கனிய எண்ணெய்க்கு இணையாகவே பயனளித்தது. விலையுயர்ந்த வாசனைக் களிம்புகளைத் தேடுவது வீண்செலவு. அவற்றின் வாசனைப் பொருளே சிலருக்கு ஒவ்வாது. பகலில் நாலைந்து தடவை, குறிப்பாக ஒவ்வொரு முறை கை கழுவிய பின்னரும், பூசுவதே பலனைத் தீர்மானிக்கின்றது. மேலே ஆறிவிட்டதாகத் தோன்றிய பின்னரும் சில வாரங்கள் இதனைத் தொடர வேண்டும். ஏனெனில் உட்புறம் சீராவதற்குக் காலம் எடுக்கின்றது.

உரிந்து தொங்கும் தோலை இழுத்தெடுப்பதும் பல்லால் கடிப்பதும் கூடாது. சிறு கத்தரியால் வெட்டிவிடலாம். உப்பு நீர், எலுமிச்சஞ்சாறு, பற்பசை, மண்ணெண்ணெய் ஆகியவை வெடித்த விரலுக்கு உகந்தவையல்ல. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசும் கலவைக் களிம்புகளையிட்டும் நாம் எச்சரிக்க வேண்டியுள்ளது. ஸ்டீரொயிட், பங்கசுக் கொல்லி, நுண்ணுயிர்க் கொல்லி ஆகிய மூன்றும் ஒன்றாக அடங்கிய இவை முதலிரு நாட்களில் அற்புதம் போல் குணம் தருகின்றன. உண்மையில் பங்கசு நோயாயின் ஸ்டீரொயிட் அதன் தோற்றத்தை மறைத்துப் பரவ விடுகின்றது. நெடுநாள் பூசினால் தோல் மெலிந்தும் போகின்றது. இரு பாதங்களும் ஒரு கை மட்டும் உரியுமாயின் அது பெரும்பாலும் பங்கசாகவே இருக்கும்.

தோட்டத் தொழிலாளரைப் பொறுத்தவரை தோலுரிவு வெறும் அழகுப் பிரச்சினையன்று. வெடித்த தோல் திறந்த வாசலாகும். யூரியாவையும் டொலமைட்டையும் வெறுங்கையால் அள்ளி வீசுவோருக்கு எரிவும் புண்ணும் உண்டாகின்றன. களைகொல்லி தெளிப்போருக்கோ ஆபத்து அதனிலும் பெரிது. நமது நாட்டில் 2008 முதல் படிப்படியாக விலக்கப்பட்ட பரகுவாட் என்னும் களைகொல்லி, காயமுற்ற தோலினூடாக உடலுக்குள் சென்று உயிராபத்தை விளைவித்த சம்பவங்கள் உலகில் பதிவாகியுள்ளன. கிளைபொசேட் 2015 இல் தடைசெய்யப்பட்டு, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. எந்த மருந்தாயினும், விரல் வெடித்திருக்கும் நாளில் மருந்தடிக்கும் வேலையை ஏற்காதிருப்பதே அறிவுடைமை. மாற்று வேலை கேட்பது தொழிலாளியின் சலுகையன்று, உரிமை. ஓட்டை விழுந்த இறப்பர் கையுறை வெறுங்கையினும் கெட்டது. உள்ளே புகுந்த மருந்து வெளியேற வழியின்றித் தோலோடு ஒட்டிக் கிடக்கின்றது.

கொழுந்து பறிப்போரிடம் தடித்த கையுறையைக் கொடுத்து அணியச் சொல்வதில் பயனில்லை. கொழுந்தின் இளமையை விரலால் உணர்ந்தே பறிக்கின்றனர். நிர்ணயிக்கப்பட்ட கிலோ குறைந்தால் நாட்சம்பளமும் குறைகின்றது. அவர்களுக்கு உகந்தது விரலளவான பருத்தித் துணியுறை. அதில் இரண்டு மூன்றைக் கூடையோடு எடுத்துச் சென்று நனையும்போது மாற்றிக்கொள்ள வேண்டும். பெரட்டுக்குப் புறப்படுமுன் ஒரு தடவை வசிலின் பூசினால், சாறு தோலில் நேரடியாகப் படிவதும் குறையும். தேயிலைக் கொழுந்தில் வாசனை ஒட்டாதிருக்க, மணமற்றதையே சிறிதளவாகப் பூச வேண்டும். ஒரு சிறு டப்பா வசிலினைத் தோட்ட வைத்திய நிலையம் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் வழங்கினால் நிர்வாகத்துக்கு ஏற்படும் செலவு அற்பமே. கை வெடித்துப் பேர் விழாத நாட்களின் இழப்பு அதனிலும் அதிகம்.

இரண்டு வாரம் ஒழுங்காகப் பராமரித்தும் குறையாத தோலுரிவுக்கு வைத்தியரை நாட வேண்டும். சீழ், வீக்கம், நகத்தடிச் சிவப்பு காணப்படினும், முழங்கை, முழங்கால், தலைத் தோல் ஆகிய இடங்களில் செதில் படர்ந்திருப்பினும், நீரிழிவு நோயாளியின் விரலில் வெடிப்பு ஆழமாயினும் காலந்தாழ்த்தலாகாது. முதலில் அக்கரப்பத்தனைப் பிரதேச வைத்தியசாலைக்குச் செல்லலாம். தேவையேற்படின் அங்கிருந்து நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அனுப்புவர். விரலில் உணர்ச்சி குன்றியிருந்தாலோ, உடலில் உணர்வற்ற வெளிர் நிறத் தேமல் இருந்தாலோ, அது தொழுநோயா எனப் பரிசோதிப்பது அவசியம். அரசாங்க வைத்தியசாலைகளில் அதற்கான மருந்து இலவசமாகக் கிடைக்கின்றது. முற்றாகக் குணமாகும் நோய்க்கு வெட்கப்பட்டு விரல்களை இழந்தவர்கள் பலர்.

குழந்தைகள் விடயத்தில் தாய்மார் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். பிறந்த சில நாட்களில் சிசுவின் தோல் உரிவது இயல்பு. விரல் சூப்பும் குழந்தைக்கு அவ்விரல் உரிவதும் பெரிதன்று. ஆனால் ஐந்து நாட்களோ அதற்கு மேலோ விடாது காய்ச்சல் அடித்து, கண்கள் சிவந்து, உதடு வெடித்து, நாக்கு செம்மை பூத்திருந்த குழந்தைக்கு, இரண்டாம் அல்லது மூன்றாம் வாரத்தில் நகத்தைச் சுற்றித் தோல் உரியத் தொடங்குமாயின், அது கவாசாக்கி நோயாக இருக்கலாம். 1967 இல் ஜப்பானிய வைத்தியர் தொமிசாக்கு கவாசாக்கி விவரித்த இந்நோய் இருதயத்தின் குருதிக் குழாய்களைப் பாதிக்கவல்லது. காய்ச்சல் தொடங்கிப் பத்து நாட்களுக்குள் சிகிச்சை அளித்தால் அப்பாதிப்பைப் பெரிதும் தவிர்க்கலாம். ஆகையால் தோல் உரியும்வரை காத்திராமல், ஐந்தாம் நாளிலும் காய்ச்சல் நிற்காத குழந்தையை அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தோலுரிந்த பின்னர் செல்ல நேர்ந்தாலும், முன்னர் காய்ச்சல் இருந்த நாட்களை வைத்தியரிடம் தவறாது கூற வேண்டும்.