பைச்செடி வளர்ப்பு

பள்ளி ஆய்வுக்கூடத்தில் பைச்செடியை வளர்க்க முற்படுவோர் சில வாரங்களிலேயே அது பாசி படர்ந்து அழுகுவதைக் காண்பதுண்டு. பெரும்பாலும் இதற்குக் காரணம் கவனக் குறைவன்று, மிகுதியான கவனமே. பிற செடிகளுக்கு உணவாகும் எருவும் வளமான மண்ணும் இச்செடிக்குக் கேடு விளைவிப்பவை.

இதன் அறிவியல் பெயர் யூட்ரிகுலேரியா. உலகில் இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. இதற்கு உண்மையான வேர் கிடையாது. நைட்ரஜன் முதலிய சத்துகள் குறைந்த நீரிலும் ஈர மண்ணிலும் வாழும் இச்செடி, அக்குறையைச் சிற்றுயிர்களைப் பிடித்து ஈடுசெய்துகொள்கிறது.

பை இயங்கும் விதம்

பெரும்பாலான பைகள் சில மில்லிமீட்டர் அளவே உள்ளவை. பையினுள் உள்ள நீரைச் செடி வெளியேற்றுவதால் உள்ளே அழுத்தம் குறைந்து, பக்கச் சுவர்கள் குழிந்து நிற்கும். வாயிலில் உள்ள மயிர்களை நீர்த்தெள்ளு போன்ற சிற்றுயிர் தீண்டியதும் கதவு உட்புறமாகத் திறக்க, நீரோடு அவ்வுயிரும் உள்ளே உறிஞ்சப்படுகிறது. ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த நேரத்தில் இது நிகழ்ந்துவிடுகிறது. உயிர்கள் தாமே கதவைத் தள்ளிக்கொண்டு நுழைவதாக 1875ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் டார்வின் கருதினார். பை உறிஞ்சுகிறது என்பது பின்னரே தெளிவாயிற்று.

வளர்க்கும் முறை

குளங்களிலும் வயல்களிலும் மிதந்து, மஞ்சள் நிறப் பூ பூக்கும் யூட்ரிகுலேரியா ஆரியா தொட்டியில் வளர்ப்பதற்கு ஏற்றது. கண்ணாடித் தொட்டியில் மழைநீரை நிரப்புக. உப்பு மிகுந்த குழாய் நீர் ஆகாது. மண் வேண்டுவதில்லை, சில உலர்ந்த இலைகளை இட்டால் போதும். காலை வெயில் படட்டும். நீர் சூடேறும் நண்பகல் வெயில் வேண்டா. பாசி தோன்றின் கையால் அகற்றி, நீரில் ஒரு பகுதியை மாற்றுக. குளத்து நீர்த்தெள்ளுகளை விட்டால், அவை நுண்பாசியைத் தின்னும். தாமும் செடிக்கு இரையாகும். மீன் விடலாகாது. கொசு முட்டையிடாதபடி தொட்டியை வலையால் மூடுக.

ஈர மண்ணில் வளரும் வகைகளுக்கு, நன்கு கழுவிய தென்னைநார்க் கழிவையும் மணலையும் சம அளவில் கலந்து சிறு சட்டியில் இட்டு, நீருள்ள தட்டில் வைக்கலாம். கேரள வயல்களில் நீலப் பூ பூத்து, ஓணப் பூக்களத்தில் இடம்பெறும் காக்கப்பூ இவ்வகையைச் சேர்ந்தது. மகாராஷ்டிரத்துக் காஸ் பீடபூமி போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் இச்செடிகளைக் கண்டு மகிழலாமேயன்றிப் பிடுங்கலாகாது.

வகுப்பில் காட்டத்தக்கவை

உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால், குழிந்த பை இரைக்குக் காத்திருப்பதையும், உப்பிய பை அண்மையில் உறிஞ்சியிருப்பதையும் மாணவர் வேறுபடுத்தி அறியலாம். செடியை நீரிலிருந்து தூக்கினால் பைகள் காற்றை உறிஞ்சும். எனவே அடிக்கடி தூக்குதல் நன்றன்று.

களப்பணியாளர் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஆண்டுதோறும் பைச்செடி பூத்த குளத்தில் அது அருகி, பாசி பெருகுமாயின், வயல் உரமோ கழிவுநீரோ அங்கு வந்து சேர்கிறதா என்று ஆராய்தல் வேண்டும். தொட்டியில் இச்செடியைக் கெடுக்கும் அதே வளமே குளத்திலும் அதனைக் கெடுக்கிறது.