குவாதலூப் கரையில் உண்ணுமிடங்கள்

கரிபியன் கடலில் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் கிடக்கிறது குவாதலூப் தீவு. கிழக்குச் சிறகுக்குக் கிராந்த்தேர் என்று பெயர். எரிமலை நிற்கும் மேற்குச் சிறகுக்குப் பாஸ்தேர் என்று பெயர். 1946 முதல் இது பிரெஞ்சு நாட்டின் மாவட்டங்களுள் ஒன்றாதலின், அங்கு வழங்கும் நாணயம் யூரோ; பேசும் மொழி பிரெஞ்சும் கிரியோலும். அங்குச் செல்ல வாய்க்கும் அன்பர்கள் பெரிய விடுதியின் உணவுக்கூடத்திலேயே அமர்ந்துவிட்டால், பாரிசுச் சமையலை உண்டு திரும்புவார்களேயன்றித் தீவின் சுவையை அறியமாட்டார்கள்.

முதலில் புவாந்தாபீத்ர் துறைமுகத்துக்குக் காலையிலேயே சென்றுவிட வேண்டும். அங்கே மீனவர் தம் படகுகளில் இருந்தபடியே மீன் விற்கின்றனர். அருகிலுள்ள சந்தையில் இலவங்கப்பட்டையும் சாதிக்காயும் வனிலாவும் குவிந்திருக்கும். விற்கும் மூதாட்டியர் சிலர் தலையில் கட்டியிருக்கும் கட்டம்போட்ட துணியின் பெயர் என்ன தெரியுமா? 'மதராஸ்' என்பதே!

கிராந்த்தேரின் தென்கரையில் சேந்த்தான் என்னும் ஊர் உள்ளது. கடலோரத்தில் வண்டிக்கடைகளில் 'பொக்கித்' கிடைக்கும். கோதுமை மாவைத் தட்டி எண்ணெயில் பொரித்தெடுப்பது. வடநாட்டில் வாழும் நம்மவர்க்குப் பட்டூரா என்றால் எளிதில் விளங்கும். அதைப் பிளந்து உப்புக் கருவாடோ கோழியோ முட்டையோ வைத்துத் தருவர். மரக்கறி உண்போர் தக்காளியும் பாலாடைக்கட்டியும் வைக்கச் சொல்லலாம். வாட்டிய மீனுடன் வெங்காயம், மிளகாய், எலுமிச்சை கலந்த காரச் சாறு ஒன்று வரும். அதன் பெயரைத் தமிழாக்கினால் 'நாய்ச்சாறு' என்றாகும். பெயர் கேட்டு அஞ்ச வேண்டா, சாறு மிக நன்று. மணலில் பெண்கள் கையால் சுழற்றும் மரவாளியில் தேங்காய்ப் பனிக்கூழ் செய்து விற்பர். அதனைத் தவறவிடலாகாது.

இனி, 'கொலொம்போ'. மஞ்சள், கொத்தமல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மிளகு இவற்றின் பொடியிட்டு, ஆட்டிறைச்சியையோ கோழியையோ கத்தரிக்காய், சௌசௌ முதலியவற்றுடன் வேகவைத்துச் சோற்றோடு பரிமாறுவர். இப்பெயர் இலங்கைத் தலைநகரைக் குறிப்பது என்பாரும், 'குழம்பு' என்னும் நம் சொல்லே திரிந்தது என்பாரும் உளர். சுவைத்துப் பார்த்தால் இரண்டாவது கட்சியில் சேரவே மனம் விரும்பும்.

அது அங்கே சென்ற வரலாறு இது. 1848-இல் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1854 டிசம்பர் 24-ஆம் நாள் இந்தியத் தொழிலாளர் ஏறிய முதற்கப்பல் அத்தீவை அடைந்தது. 1889 வரையில் 40,000 பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றனர். அவர்களுள் தமிழர் மிகுதி. அவர்கள் வழிவந்தோர்க்குத் தமிழ் பேச்சுமொழியாக நிலைக்கவில்லை. ஆயினும் வேப்பிலையை 'வேப்பெலே' என்றும், பாகற்காயைப் 'பரோகா' என்றும் இன்றும் அழைக்கின்றனர். மாரியம்மன் வழிபாட்டுக்குப் பின் வாழையிலையில் கொலொம்போ பரிமாறிக் கையால் உண்பதும் உண்டு. வெளியூரில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இது வெறும் வேடிக்கைச் செய்தியன்று.

இவர்கள் மிகுதியாக வாழும் ஊர்களுள் ஒன்று பாஸ்தேரின் கிழக்குக் கரையிலுள்ள கப்பெஸ்தேர். கோயிலும் அங்கு உண்டு. நண்பகலில் சிற்றுண்டிச்சாலைகளில் கொலொம்போவும் கிடைக்கும். ஆனால் அப்பக்கத்து மீனைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. வாழைத் தோட்டங்களில் வண்டொழிக்க 1972 முதல் 1993 வரை தெளித்த 'குளோர்தெக்கோன்' என்னும் நஞ்சு மண்ணில் ஊறி, ஆற்று நீரோடு கடலிலும் கலந்துவிட்டது. பல தலைமுறைகளுக்கு அது நீங்காதாம். பாஸ்தேரின் தெற்கிலும் கிழக்கிலும் சில கடற்பகுதிகளில் மீன்பிடித்தலை அரசு தடுத்துள்ளது. ஆதலின் மீனோ நண்டோ உண்ணுமுன் எங்கே பிடித்தது என்று கேட்டுக்கொள்க. அப்பக்கத்து வழியோரத்தில் முன்பின் அறியாதவர் விற்கும் ஆற்று இறாலை வாங்க வேண்டா. மீன் உண்ண விரும்புவோர் கிராந்த்தேரின் கிழக்கு முனையிலுள்ள சேன்பிரான்சுவா மீன்துறைக்கோ, வடமேற்கே தேயே என்னும் சிற்றூருக்கோ செல்லலாம்.